முதலுக்கு மோசம் வராமல் கடலில் சம்பாதிப்பது எப்படி?

'நீலப் பொருளாதாரம்' என்ற சொல் இப்போது எங்கும் புழங்குகிறது. துறைமுகம் கட்டுபவர் சொல்கிறார், கடலாமைகளைக் காக்கப் போராடுபவர் சொல்கிறார், கடன் கொடுக்கும் வங்கியும் சொல்கிறது. ஒருவர் அந்தச் சொல்லால் கடலிலிருந்து இன்னும் அதிகமாக எடுப்பதைக் குறிக்கிறார். இன்னொருவர் கடலைத் தொடாமல் விடுவதைக் குறிக்கிறார். புதிதாகக் கேட்பவருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

2012ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஐநா மாநாட்டை ஒட்டித்தான் இந்தச் சொல் பரவலானது. அங்கே பேச்செல்லாம் 'பசுமைப் பொருளாதாரம்' பற்றி. தங்கள் நிலத்தைவிடப் பல மடங்கு பெரிய கடற்பரப்பை வைத்திருக்கும் சிறு தீவு நாடுகள், பசுமையோடு நீலமும் சேர வேண்டும் என்று வலியுறுத்தின. அவர்கள் கேட்டது எளிமையானது. கடலை நம்பி இருப்பவர்கள் இன்றும் பிழைக்க வேண்டும், அவர்கள் பிள்ளைகளும் பிழைக்க வேண்டும். அதற்குக் கடல் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

வியாபாரிகள் வாயில் அடிக்கடி வரும் ஒரு பேச்சு உண்டு: லாபம் கொஞ்சம் குறைந்தாலும் போகட்டும், முதலுக்கே மோசம் வந்துவிடக் கூடாது. கடலைப் பற்றி இவ்வளவு அறிக்கைகள் சொல்ல வருவது ஏறக்குறைய இதைத்தான் என்பது என் எண்ணம். ஆனால் கடலில் எது முதல், எது வட்டி என்று பிரித்துப் பார்ப்பது கடைக்கணக்கு மாதிரி சுலபம் இல்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கப் போகிறோம்.

கணக்கில் வருவதும் வராததும்

கடல் தொழில் என்றதும் மீன்பிடிப்புதான் நினைவுக்கு வரும். உண்மையில் அது ஒரு பகுதிதான். உலக வணிகச் சரக்கில் அளவுப்படி 80 சதவீதத்துக்கும் மேல் கப்பலில் போகிறது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் இணையத் தகவல் கிட்டத்தட்ட முழுவதும் கடலடிக் கேபிள்களில் ஓடுகிறது. அப்புறம் கடலடி எண்ணெய், எரிவாயு, கடலில் நிற்கும் காற்றாலைகள், கடற்கரைச் சுற்றுலா, மீன் பண்ணை, கடற்பாசி வளர்ப்பு, கப்பல் கட்டும் தளங்கள். இவற்றையெல்லாம் கூட்டி, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்திருக்கும் ஓஇசிடி அமைப்பு 2016ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2010ஆம் ஆண்டில் இவற்றின் மதிப்பு 1.5 லட்சம் கோடி டாலர். அதாவது உலகப் பொருளாதாரத்தில் சுமார் 2.5 சதவீதம். இதே போக்கில் போனால் 2030க்குள் அது இரட்டிப்பாகும் என்றும் அந்த அறிக்கை கணித்தது.

இந்தக் கணக்கில் வராதவற்றைப் பாருங்கள். மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால்பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. பசுங்குடில் வாயுக்களால் பூமியில் கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் கடலுக்குள்தான் போயிருக்கிறது. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் கிட்டத்தட்டப் பாதியைக் கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிர்கள் செய்கின்றன. அலையாத்திக் காடுகளும் பவளத்திட்டுகளும் புயல் அலையின் வேகத்தைக் கரைக்கு வருமுன் குறைக்கின்றன, மீன் குஞ்சுகளுக்குத் தொட்டிலாகவும் இருக்கின்றன. இதில் எதற்கும் கடல் யாருக்கும் பில் அனுப்புவதில்லை.

பில் வராததால் நட்டமும் எங்கும் பதிவாவதில்லை. ஓர் அலையாத்திக் காட்டை வெட்டி இறால் குளம் தோண்டினால், இறால் விற்ற பணம் நாட்டு வருமானத்தில் ஏறும். காடு போன கணக்கு எந்த ஏட்டிலும் ஏறாது. சில ஆண்டுகள் கழித்து வலையில் மீன் குறையும், புயல் அலை வீட்டுக்குள் வரும். அந்த இழப்பைச் சுமப்பவர் இறால் விற்றவராக இருக்க மாட்டார். நீலப் பொருளாதாரத்தின் பெரிய முடிச்சு இங்கேதான் விழுந்திருக்கிறது. லாபம் ஒருவர் கைக்கு உடனே வருகிறது, நட்டம் பலர் தலையில் மெதுவாக இறங்குகிறது.

வட்டி எங்கிருந்து வருகிறது?

மீனை வைத்தே பார்க்கலாம். ஒரு மீன் இனத்தை யாரும் பிடிக்காமல் விட்டால் அது பெருகிக்கொண்டே போகாது. இரையும் இடமும் எவ்வளவுக்குத் தாங்குமோ அவ்வளவுக்குப் பெருகி நின்றுவிடும். நெருக்கமாக நட்ட நாற்று மாதிரி, ஒன்றை ஒன்று அமுக்கும். பிறப்பும் இறப்பும் சமமாகிவிடும். இப்போது அதில் ஒரு பகுதியைப் பிடித்தால், மிஞ்சிய மீன்களுக்கு இரை தாராளமாகக் கிடைக்கும். அவை வேகமாக வளரும், குஞ்சுகளில் அதிகம் பிழைக்கும். இந்தக் கூடுதல் வளர்ச்சிதான் வட்டி. முழு இருப்பில் ஏறக்குறைய பாதியோ, அதைவிடச் சற்றுக் குறைவாகவோ இருக்கும்போது இந்த வளர்ச்சி உச்சத்தில் இருக்கும். மீன்வள அறிவியலில் இதற்கு 'நீடித்த உச்ச விளைச்சல்' என்று பெயர்.

அந்த அளவுக்குள் எடுத்தால் ஆண்டுதோறும் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் இருப்பு குறையும். இருப்பு குறைந்தால் வட்டியும் குறையும். அப்போதும் பழைய அளவையே எடுத்துக்கொண்டிருந்தால், ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து போவது இன்னும் பெரிதாகும். கடனில் விழுந்தவர் நிலைதான்.

கடலை வங்கியோடு ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே வட்டி விகிதம் நிலையாக இருக்காது. பெரு நாட்டுக் கரையில் 1970ல் 1.2 கோடி டன்னுக்கும் மேல் நெத்திலி வகை மீன் பிடித்தார்கள். உலகின் மிகப் பெரிய மீன்பிடிப்பு அது. 1972ல் எல் நினோ வந்து கடல் சூடானது, இரை குறைந்தது, குஞ்சுகள் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு பிடிப்பு சுமார் 20 லட்சம் டன்னுக்குச் சரிந்தது. எல் நினோ அதற்கு முன்பும் பலமுறை வந்து போயிருக்கிறது. இம்முறை அது வந்தபோது ஏற்கெனவே இருப்பை வழித்தெடுத்திருந்தார்கள். ஆகவே உச்ச விளைச்சல் என்று கணக்கு காட்டும் அளவை அப்படியே எடுக்காமல், கெட்ட ஆண்டுக்கென்று ஒரு பங்கை விட்டுவைப்பதுதான் விவேகம்.

எவ்வளவு எடுக்கிறோம் என்பதோடு எதை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். வட அட்லாண்டிக்கில் காட் என்றொரு மீன் உண்டு. 30 கிலோ எடையுள்ள ஒரு பெண் காட் மீன் இடும் முட்டைகளுக்கு ஈடாக, தலா 2 கிலோ எடையுள்ள 28 மீன்கள் முட்டையிட வேண்டும். பெரிய தாய்மீனைப் பிடிப்பது விதைநெல்லைக் குத்திச் சமைப்பது போல. சின்ன மீனை மட்டும் விட்டுவிட வேண்டும் என்பதுதான் பல இடங்களில் விதி. மிகப் பெரியதையும் விட வேண்டும் என்ற எண்ணம் பின்னால்தான் வந்தது.

இன்று நிலைமை என்ன? ஐநாவின் உணவு வேளாண் அமைப்பு கண்காணிக்கும் மீன் இனக்கூட்டங்களில் 1974ல் 10 சதவீதம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டன. 2021ல் அது 37.7 சதவீதம்.

நியூஃபவுண்ட்லாந்தில் நடந்தது

இந்தப் பாடத்தைப் படிக்கும் எல்லோரும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டிய இடம், கனடாவின் கிழக்கே உள்ள நியூஃபவுண்ட்லாந்து. அங்கே காட் மீனைப் பல நூற்றாண்டுகளாகப் பிடித்தார்கள், மீன் குறையவில்லை. 1950களிலிருந்து பிடித்த மீனைக் கப்பலிலேயே உறைய வைக்கும் பெரிய இழுவலைக் கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. 1968ல் பிடிப்பு சுமார் 8 லட்சம் டன்னைத் தொட்டது. அதன் பிறகு சரிவு.

1977ல் கனடா தன் கரையிலிருந்து 200 கடல்மைல் வரை உரிமை கொண்டாடியது. வெளிநாட்டுக் கப்பல்கள் விலகின. சரி, இனிமேல் மீன் தேறிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் அவர்கள் விட்டுப்போன இடத்தை உள்நாட்டுக் கப்பல்கள் நிரப்பின. அரசும் அதற்கு உதவியது.

விஞ்ஞானிகள் இருப்பை அளந்துகொண்டுதான் இருந்தார்கள். அளவு எப்படித் தவறியது? பெரிய கப்பல்களின் பிடிப்பு விகிதத்தை, அதாவது எத்தனை மணி நேரம் வலை இழுத்தால் எவ்வளவு மீன் என்பதை, அவர்கள் ஒரு முக்கிய அளவுகோலாக வைத்திருந்தார்கள். காட் கூட்டமாகச் சேரும் மீன். எண்ணிக்கை குறையக் குறைய மிஞ்சியவை ஓரிடத்தில் நெருங்கின. எதிரொலிக் கருவிகள் அந்த இடத்தைச் சரியாகக் காட்டின. கடைசிக் கூட்டம் மிஞ்சும்வரை வலை நிரம்பிக்கொண்டே இருக்கும். வலை நிரம்புவதைப் பார்த்துக் கடலில் மீன் இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள்.

கரையோரத்தில் சின்னப் படகில் போனவர்களுக்கு வேறு படம் தெரிந்தது. மீன் தேடி வருவதை நம்பி ஓரிடத்தில் பொறிவலை போட்டவர்கள் அவர்கள். 1980களிலேயே மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று சொன்னார்கள். அந்தப் பேச்சுக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். தகவல் இருந்தது, சரியான ஆட்களிடம் இருந்தது, முடிவெடுக்கும் மேசைக்கு அது வந்து சேரவில்லை.

1992 ஜூலை 2 அன்று மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி தடையை அறிவித்தார். சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு என்று சொல்லப்பட்ட தடை 32 ஆண்டுகள் நீடித்தது. 2024ல் மறுபடி திறந்தபோது அந்த ஆண்டுக்கு அனுமதித்த அளவு 18,000 டன். அதுவே சீக்கிரம் என்று விஞ்ஞானிகள் பலர் எதிர்த்தார்கள்.

யார் எடுப்பது, எவ்வளவு எடுப்பது

நீரில் இருக்கும் மீன் யாருக்கும் சொந்தமில்லை, படகில் ஏறிய பிறகுதான் அது ஒருவருடையது. அதனால் நான் விட்டுவைத்தால் அடுத்தவர் எடுத்துவிடுவார் என்ற பயம் நல்லவர்களையும் ஓட வைக்கிறது. மீனவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவதால் இது தீராது. ஓட்டப்பந்தயத்தின் விதியை மாற்ற வேண்டும்.

சிலி நாட்டில் லோகோ என்ற கடல்நத்தை ஒன்று உண்டு. ஏற்றுமதி சூடுபிடித்து, எல்லோரும் எடுத்து, 1989ல் அதைப் பிடிப்பதையே மூட வேண்டி வந்தது. 1991ல் வந்த சட்டம், கரையோரக் கடலடியின் குறிப்பிட்ட துண்டுகளை உள்ளூர் மீனவர் சங்கங்களிடம் ஒப்படைக்க வழி செய்தது. ஒரு சங்கத்தின் துண்டில் வேறு யாரும் எடுக்க முடியாது. எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஆய்வாளர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு விளைச்சலும் தங்களுக்கே என்று தெரிந்ததும் மீனவர்களே காவல் காக்கத் தொடங்கினார்கள். அதிகம் நகராத நத்தைக்கு இது பொருந்துகிறது. ஆயிரம் மைல் போகும் மீனுக்கு?

அதற்கும் ஒரு வழி பசிபிக்கில் உண்டு. பப்புவா நியூ கினி, கிரிபாட்டி, துவாலு, பலாவ் உட்பட எட்டு நாடுகள் நவ்ரு ஒப்பந்தத்தின் கீழ் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. அவற்றின் கடலில் உலகமே தேடி வரும் சூரை மீன் இருக்கிறது. முன்பெல்லாம் தூரத்து நாட்டுக் கப்பல்கள் ஒவ்வொரு தீவிடமும் தனித்தனியாகப் பேசி, குறைந்த கட்டணத்தில் உரிமம் வாங்கிப் போயின. 2007 முதல் இந்த நாடுகள் 'கப்பல் நாள்' என்ற முறையைக் கொண்டுவந்தன. ஓர் ஆண்டுக்கு மொத்தம் இத்தனை நாள்தான் மீன்பிடிப்பு என்று வரம்பு வைத்து, அந்த நாள்களைச் சேர்ந்து விற்கிறார்கள். நாள் ஒன்றுக்குக் குறைந்தபட்சக் கட்டணத்தை 8,000 டாலர் வரை உயர்த்தினார்கள். 2010ல் சுமார் 6 கோடி டாலராக இருந்த அவர்கள் வருமானம் சில ஆண்டுகளிலேயே 50 கோடி டாலர் அளவுக்குப் போனது. மீனுக்கு வரம்பு போட்டவர்கள் அதனாலேயே வசதியானார்கள். கடலைக் காத்தால் வருமானம் போய்விடும் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தத் தீவுகள்தான்.

ஒவ்வொருவருக்கும் இவ்வளவு பங்கு என்று பிரித்துக் கொடுக்கும் ஒதுக்கீட்டு முறையும் பல நாடுகளில் இருக்கிறது. ஐஸ்லாந்தில் அது மீன் இருப்பைத் தேற்ற உதவியது. ஆனால் பங்குகளை விற்கலாம் என்றானதும், அவை பெரிய நிறுவனங்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. சில சிற்றூர்களில் படகு இருந்தும் மீன் பிடிக்க உரிமை இல்லாமல் போனது. உலகில் மீன்பிடித்துப் பிழைப்பவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் சிறுதொழில் மீனவர்கள். பிடிப்பில் 40 சதவீதம் அவர்களுடையது. எந்த முறை வந்தாலும் அவர்கள் கதி என்ன என்று கேட்காமல் அதை நல்ல முறை என்று சொல்லக் கூடாது.

இன்னொரு பக்கம், மக்கள் வரிப்பணமே முதலைத் தின்ன உதவுகிறது. 2018ல் உலக அரசுகள் மீன்பிடித் தொழிலுக்குக் கொடுத்த மானியம் சுமார் 3,540 கோடி டாலர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் 2,220 கோடி எரிபொருளுக்கும் படகைப் பெரிதாக்குவதற்கும் போவது போன்ற, பிடிக்கும் திறனை ஏற்றும் மானியம். மீன் இல்லாத கடலில் படகு ஓட்டினால் நட்டம்தான் வரும், தானாகவே நிற்பார்கள். மானியம் வந்தால் நிற்க மாட்டார்கள். உலக வணிக அமைப்பு இருபதாண்டுக்கு மேல் பேசி 2022ல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 2025 செப்டம்பர் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், ஏற்கெனவே நலிந்துபோன மீன் இனங்களைப் பிடிப்பதற்கும் மானியம் கூடாது என்கிறது அது. திறனை ஏற்றும் மானியத்தைப் பொதுவாகக் கட்டுப்படுத்தும் பகுதி இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

பிடிக்காமல் விட்ட இடம்

மெக்சிகோவின் காபோ புல்மோ ஒரு சிறிய மீனவக் கிராமம். பவளத்திட்டில் மீன் அருகிப் போனதைப் பார்த்து அங்குள்ள குடும்பங்களே மீன்பிடிப்பை நிறுத்த முன்வந்தன. 1995ல் அது தேசியப் பூங்கா ஆனது. 1999க்கும் 2009க்கும் இடையில் அங்குள்ள மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியதாக ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஐந்தரை மடங்குக்கும் மேல். சுறாக்கள் திரும்பி வந்தன. முன்பு வலை போட்டவர்கள் முக்குளிக்க வருபவர்களைப் படகில் கூட்டிப்போகிறார்கள்.

காப்பிடத்துக்குள் வளரும் மீனுக்கு எல்லைக் கோடு தெரியாது. பெரியவை வெளியே போகும், முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் பரவும். அதனால் பல காப்பிடங்களின் எல்லையை ஒட்டியே படகுகள் வரிசையாக நின்று மீன்பிடிப்பதைப் பார்க்கலாம். இதுவும் ஒரு வகை வைப்புநிதிதான்.

பலாவ் தீவில் 2010ல் ஒரு கணக்குப் போட்டார்கள். அங்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பலர் சுறாவைப் பார்க்கவே வருகிறார்கள். இந்த வருமானத்தைச் சுறாக்களுக்குப் பங்கிட்டால், முக்குளிக்கும் இடங்களில் வாழும் ஒரு சுறா தன் ஆயுளில் ஈட்டித் தருவது சுமார் 19 லட்சம் டாலர். கொன்று விற்றால் கிடைப்பது 108 டாலர். உயிருக்கு விலை போடுவது பலருக்கு உறுத்தலாக இருக்கும், எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் விலையே இல்லை என்று விட்டதால்தான் சுறாக்கள் இவ்வளவு மலிவாகச் செத்தன என்பதையும் மறுக்க முடியவில்லை.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், 2030க்குள் கடலிலும் நிலத்திலும் 30 சதவீதத்தைக் காப்பது என்று ஒப்புக்கொண்டன. கடலில் காப்பிடம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது 2024ல் 8 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. அதில் உண்மையாகவே கடுமையாகக் காக்கப்பட்டது கடலின் 3 சதவீதம் அளவுதான். மிச்சத்தில் பல, வரைபடத்தில் மட்டும் காப்பிடம். உள்ளே இழுவலை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாடு 30 சதவீதத்தை எட்டிவிட்டது என்று செய்தி வந்தால், அங்கே எதைத் தடுத்திருக்கிறார்கள், யார் காவல் காக்கிறார்கள், அதனால் கடலிழந்த மீனவருக்கு என்ன ஏற்பாடு என்று தேடிப் பாருங்கள்.

மீன்பிடிப்புக்கு வெளியே

2022ல் ஒரு திருப்பம் நடந்தது. மீன், இறால், சிப்பி முதலான நீர்வாழ் விலங்குகளில் வளர்த்து எடுத்தவற்றின் எடை, இயற்கையில் பிடித்தவற்றை முதல் முறையாகத் தாண்டியது. இது கடலுக்கு நல்லதா என்பது எதை, எப்படி வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. சால்மன் போன்ற ஊனுண்ணிகளுக்குத் தீனி போட வேறு மீனைப் பிடிக்க வேண்டும். பெரு நாட்டு நெத்திலி பெரும்பாலும் அரைத்து மாவாகி இப்படித்தான் போகிறது. நெருக்கி வளர்த்தால் நோய் வரும், மருந்து கொட்ட வேண்டி வரும். நார்வே இதைத் தடுப்பூசியால் சமாளித்தது. சால்மனுக்குத் தடுப்பூசி வந்த பிறகு அங்கே ஆன்டிபயாடிக் பயன்பாடு மிகச் சிறிய அளவுக்குக் குறைந்தது. கடற்பாசிக்கும் சிப்பி, மட்டி வகைகளுக்கும் தீனியே போட வேண்டாம். பாசி நீரில் கரைந்த உரச்சத்தை எடுத்துக்கொள்கிறது, மட்டி நீரை வடிகட்டி இரை தேடுகிறது. புதிதாக வளர்ப்பில் பணம் போட நினைக்கும் நாடுகள் இவற்றில் தொடங்கினால் கடலுக்குச் சுமை குறைவு என்பது என் கருத்து.

கப்பல்கள் மனிதர் வெளியிடும் பசுங்குடில் வாயுவில் சுமார் 3 சதவீதத்துக்குப் பொறுப்பு. புது எரிபொருள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி, வேகத்தைக் குறைப்பது. கப்பலின் வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் எஞ்சினுக்குத் தேவைப்படும் திறன் கால்பங்குக்கும் மேல் குறையும். சத்தம் குறையும், திமிங்கலத்தில் மோதும் ஆபத்தும் குறையும். கப்பல்களின் இன்னொரு தொல்லை, நிலைநிறுத்த ஏற்றிக்கொள்ளும் தண்ணீர். ஒரு கடலில் ஏற்றி வேறு கடலில் கொட்டும்போது அதோடு உயிர்களும் இடம் மாறும். 1980களில் அமெரிக்கக் கரையின் சீப்பு ஜெல்லி என்ற, ஜெல்லிமீன் போன்ற உயிர் ஒன்று இப்படிக் கருங்கடலுக்குப் போய்ப் பெருகியது. மீன் முட்டைகளையும் அவற்றின் இரையையும் தின்று அங்கிருந்த நெத்திலித் தொழிலையே சாய்த்தது. அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கக் கோரும் உலக ஒப்பந்தம் 2017ல் நடைமுறைக்கு வந்தது.

கடல் காற்றாலை டென்மார்க்கின் விண்டபி என்ற இடத்தில் 1991ல் 11 சுழலிகளோடு தொடங்கியது. தூண்களை அடித்து இறக்கும்போது எழும் சத்தம், டால்பின் போன்ற கடற்பன்றிகளை விரட்டும். சுற்றிலும் காற்றுக்குமிழிகளால் ஒரு திரை எழுப்பி அந்தச் சத்தத்தை அடக்குகிறார்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும், வேலை செய்கிறது.

கடலுக்கு வரும் கேட்டில் பெரும்பகுதி கடலில் உண்டாவதே இல்லை. வயலில் மிஞ்சிய உரம் மிசிசிப்பி ஆற்றில் இறங்கி மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் ஆக்சிஜன் மிகக் குறைந்த பரப்பை உண்டாக்குகிறது. சாக்கடையும் பிளாஸ்டிக்கும் அப்படியே. மீனவருக்கு மட்டும் ஆயிரம் விதி போட்டுவிட்டு நிலத்தைச் சும்மா விட்டால் அது நியாயமும் ஆகாது, பயனும் இருக்காது.

ஒரே கடல், பல பேர்

இவ்வளவு தொழிலும் ஒரே தண்ணீரில் நடக்க வேண்டும். எது எங்கே என்று எல்லோரையும் உட்கார வைத்து வரைபடம் போடுவதற்குக் கடல்பரப்புத் திட்டமிடல் என்று பெயர். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பெரிய பவளத்திட்டுப் பகுதியில் 2004ல் வரைபடத்தைத் திருத்தி, மீன் பிடிக்கவே கூடாத பகுதியை 5 சதவீதத்துக்கும் குறைவிலிருந்து 33 சதவீதமாக உயர்த்தினார்கள். மற்ற மண்டலங்களில் தூண்டில், வலை, சுற்றுலா, கப்பல் என எது எங்கே நடக்கலாம் என்று விதி உண்டு. சில சமயம் சின்ன மாற்றமே போதும். பாஸ்டன் துறைமுகத்துக்கு வரும் கப்பல் பாதையை 2007ல் சற்றே திருப்பினார்கள். திமிங்கலங்கள் கூடும் இடத்தைப் பாதை விலகிப் போனது. கப்பல்களுக்குச் சில நிமிடத் தாமதம், அவ்வளவுதான்.

காவல் படகுக்கும் ஆய்வுக்கும் பணம் வேண்டுமே? செஷல்ஸ் நாடு தன் வெளிநாட்டுக் கடனில் ஒரு பகுதியைச் சலுகையில் மாற்றிக்கொண்டு, அதற்கு ஈடாகக் கடலைக் காப்பதாக வாக்குக் கொடுத்தது. 2018ல், கடல் சார்ந்த பணிகளுக்கென்று கடன் திரட்டும் 'நீலப் பத்திரத்தை' உலகின் முதல் அரசாக வெளியிட்டு 1.5 கோடி டாலர் திரட்டியது. 2020ல் தன் கடற்பரப்பில் 30 சதவீதத்தைக் காப்பிடமாக அறிவித்தது.

வட்டியே இல்லாத முதல்

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் 200 கடல்மைலுக்குள் நடப்பது. அதற்கு அப்பால் உள்ள பெருங்கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. கடல்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு அது. அங்கே காப்பிடம் அமைக்கவே சட்டத்தில் தெளிவான வழி இல்லாமல் இருந்தது. ஐநாவில் 2023ல் ஏற்கப்பட்ட பெருங்கடல் ஒப்பந்தம் அந்த வழியைத் திறந்தது. 2026 ஜனவரி 17 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

அந்தப் பெருங்கடலின் அடியில்தான் அடுத்த பெரிய தகராறு காத்திருக்கிறது. பசிபிக்கில் ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையில் கிளாரியன் கிளிப்பர்டன் மண்டலம் என்ற பகுதியில், சுமார் நான்கு கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், உருளைக்கிழங்கு அளவில் உலோக உருண்டைகள் பரவிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு எல்லாம் அதில் உண்டு. மின்கலங்களுக்கு இவை தேவை, பெட்ரோலை விட்டு விலக இது உதவும் என்கிறார்கள் எடுக்க விரும்புபவர்கள். எளிதாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. ஆனால் அந்த உருண்டை பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கிறது. மீன் மாதிரி அடுத்த ஆண்டு வட்டி தராது. அதன் மேல் ஒட்டி வாழும் உயிர்களுக்கு அந்தச் சேற்றுவெளியில் வேறு பிடிமானமும் இல்லை.

அந்தக் கடலடியின் உரிமங்களைக் கையாள்வது ஜமைக்காவில் உள்ள சர்வதேச கடலடி ஆணையம். வணிக அளவில் தோண்டுவதற்கான விதிகளை அது பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறது. சுமார் 40 நாடுகள் இப்போதைக்கு வேண்டாம், அல்லது வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. 1979ல் அங்கே ஓர் இயந்திரத்தை ஓட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். 44 ஆண்டுகள் கழித்து 2023ல் ஆய்வாளர்கள் அதே இடத்துக்குப் போய்க் கேமராவை இறக்கினார்கள். நகரும் சிறு உயிர்கள் சில திரும்பியிருந்தன. ஓரிடத்தில் ஒட்டி வாழும் பெரிய உயிர்கள் மிகக் குறைவாகவே இருந்தன. இயந்திரம் போன தடம் சேற்றில் அப்படியே தெரிந்தது.